நாற்சந்தியில் நாற்பத்தேழு நிமிஷம்

ஒரு புதன்கிழமை சாயங்காலம் எலுமிச்சைத் தெருவும் மூன்றாம் தெருவும் வெட்டிக்கொள்ளும் நாற்சந்தியில் நான்கு பக்கமும் நான்கு வண்டிகள் வந்து நின்று, “நீங்க போங்க”, “இல்ல, நீங்க போங்க” என்று ஒருவருக்கொருவர் கை காட்டிக்கொண்டே நாற்பத்தேழு நிமிஷம் அசையாமல் நின்றன என்றும், அத்தனை நேரமும் ஊர்க்காரர் ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை என்றும், பின்னால் நின்ற வண்டி ஒன்றில் ஒரு குழந்தைக்குப் பால்பல் ஆடத் தொடங்கி அங்கேயே விழுந்தும் விட்டது என்றும் டெல்ஃபினோ மஷாடோ சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வெளியூர்க்காரர்கள் நம்பவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. உள்ளூர்க்காரர்கள் அந்த வரிசையில் தாங்களே நின்றவர்கள். ஆனாலும் டெல்ஃபினோ வாயிலிருந்து அது வரும்போது அவர்களுக்கே லேசாகச் சந்தேகம் தட்டியது.

டெல்ஃபினோ சாந்தா ருஃபினா நகரசபையில் முப்பத்துநாலு வருஷம் தண்ணீர் மீட்டர் படித்து ஓய்வு பெற்றவர். ஆறாயிரம் பேர் இருக்கும் ஊரில் ஒவ்வொரு வீட்டின் பக்கவாட்டுக் கதவையும் திறந்து உள்ளே போய் வந்த மனுஷனுக்குக் கதைக்கா பஞ்சம்? உண்மைக்குத்தான் அவ்வப்போது தட்டுப்பாடு வரும். தன் கொல்லையில் காய்த்த எலுமிச்சம்பழம் ஒன்றை முன் இருக்கையில் வைத்தபோது, ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து சீட் பெல்ட் போடச் சொல்லி வண்டி கத்தியது என்பார். ஒரு நிலநடுக்கம் வந்து தன் கோணல் கார் கொட்டகைக் கதவை நிமிர்த்திவிட்டுப் போனது என்பார். மேப்பிள் தெரு நாய் ஒன்று மீட்டரில் இருந்த எண்ணைக் குரைத்தே சொல்லும், பூஜ்யம் வந்தால் மட்டும் குழம்பிப்போகும் என்பார்.

இந்த நாற்சந்திக் கதையை அடியோடு மறுத்தவர் ஊரில் ஒரே ஒருவர்தான். மார்லீன் நகாகவா. உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் காலையில் வேதியியலும் மத்தியானம் கார் ஓட்டவும் சொல்லிக்கொடுத்த டீச்சர். டெல்ஃபினோவும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். இரண்டாம் வகுப்பிலிருந்தே டெல்ஃபினோ சொல்லும் எதையும் நம்பக் கூடாது என்று மார்லீன் முடிவெடுத்திருந்தார். அந்த முடிவை மாற்றிக்கொள்ள ஒரு சந்தர்ப்பமும் அமையவில்லை.

“அன்னைக்கு நான் அந்த நாற்சந்தியைத் தாண்டவே இல்ல” என்பார் மார்லீன், யார் கேட்டாலும். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

விஷயம் இப்படித்தான் ஆரம்பித்தது.

சாந்தா ருஃபினாவில் போக்குவரத்து விளக்கு கிடையாது. சரியாகச் சொன்னால் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று எரியும் விளக்கு ஊர் முழுவதற்கும் ஒன்றே ஒன்றுதான். அது நகரசபைக் கூட்டத்தில் பேசுகிறவர்களுக்கு முன்னால் மேஜைமேல் இருக்கும். ஆளுக்கு மூன்று நிமிஷம். சிவப்பு வந்தால் உட்கார்ந்துவிட வேண்டும். தெருக்களிலோ நான்கு மூலையிலும் நான்கு ‘நில்’ பலகைகள். முதலில் வந்தவர் முதலில் போவார், மற்றவர்கள் கை காட்டுவார்கள், போகிறவர் பதிலுக்குக் கை காட்டுவார். அவ்வளவுதான் போக்குவரத்து.

அந்த வசந்தத்தில் மாவட்டத் தலைமையகத்திலிருந்து ஒரு யோசனை வந்தது: எலுமிச்சைத் தெரு முனையில் விளக்கு வைக்கலாம். விளக்கு வந்தால் வலதுபக்கம் திரும்ப ஒரு தனித்தடம் வேண்டும். தனித்தடத்துக்கு மூலையில் பன்னிரண்டடி வேண்டும். அந்தப் பன்னிரண்டடிதான் வன்னாரி கெயோவின் டோனட் கடை வாசல். வண்டி நிறுத்த நான்கு இடம், ஒரு மர பெஞ்சு, வெயிலுக்கு ஒரு பச்சைக் குடை, எல்லாம் போய்விடும். வண்டி நிறுத்த இடமில்லாத டோனட் கடைக்கு யார் வருவார்கள்? டோனட் வாங்க நடந்து போகிற மனுஷன் கலிபோர்னியாவில் இன்னும் பிறக்கவில்லை என்று டெல்ஃபினோ சொன்னார். இது மட்டும் மிகையில்லை என்று எல்லோருமே ஒப்புக்கொண்டார்கள்.

வன்னாரி அந்தக் கடையில் இருபத்தாறு வருஷமாக விடியுமுன் மூன்று மணிக்கு எண்ணெய்ச் சட்டியைச் சூடாக்குகிறவள். கம்போடியாவிலிருந்து குழந்தையாக வந்தவள். தன்னைவிட மூத்த ஆண்களை அவர்கள் ஊர் வழக்கப்படி அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். ஆக, அந்த பெஞ்சில் உட்காரும் கிழவர்கள் அத்தனை பேரும் அவளுக்கு அண்ணன்கள். டெல்ஃபினோ மனைவி இறந்த வருஷம் காலையில் எங்கே போவதென்று தெரியாமல் அந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அவள் கேட்காமலே ஒரு காப்பியும் சர்க்கரைப் பாகு பூசிய டோனட்டும் கொண்டுவந்து வைத்தாள். அன்று தொடங்கி ஒன்பது வருஷமாக அவருக்கு விடிவது அங்கேதான்.

மாவட்டத்தில் ஒரு விதி இருந்தது. சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறுவரை, அந்த ஒரு மணி நேரத்தில் முந்நூறு வண்டிகளாவது ஒரு சந்தியைத் தாண்டினால்தான் அங்கே விளக்கு. எண்ணுவதற்குத் தெருவின் குறுக்கே கறுப்பு ரப்பர் குழாய்களை ஆணியடித்துப் பதித்து, பக்கத்துக் கம்பத்தில் ஒரு தகரப் பெட்டியைச் சங்கிலியால் கட்டினார்கள். சக்கரம் ஏறினால் பெட்டி எண்ணிக்கொள்ளும்.

முந்நூறு என்ற அந்த எண்ணை டெல்ஃபினோ அப்போது அறிந்திருக்கவில்லை. ஊரில் யாருக்கும் தெரியாது. சண்டை, உரசல், மோதல் ஏதாவது நடக்கிறதா என்று வேவு பார்க்கத்தான் பெட்டி வைத்திருக்கிறார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை டெல்ஃபினோ பெஞ்சின்மேல் ஏறி நின்றார். முழங்கால் வலி அவருக்கு வசதியான நேரங்களில் வராது.

“பெட்டி பாக்கறது நாளைக்கு ஒருநாள்தான். ஒருத்தரும் அவசரப்படக் கூடாது. ப்ரேக் சத்தம் கேக்கக் கூடாது. யாரைப் பாத்தாலும் வழி விடுங்க. இந்த ஊருக்கு விளக்கு வேண்டாம், கண்ணும் கையும் போதும்னு அந்தப் பெட்டிக்கே உறைக்கணும்.”

“அண்ணே, அதுக்குக் கண்ணும் இல்ல காதும் இல்ல. வெறும் ரப்பர்க் குழாய்” என்றாள் வன்னாரி, இடுக்கியால் டோனட்டுகளை இளஞ்சிவப்புப் பெட்டியில் அடுக்கியபடி.

“ரப்பர் எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கும்மா. என் செருப்பைக் கேட்டுப் பாரு” என்றார் டெல்ஃபினோ.

செய்தி பரவியது. தொலைந்த பூனைகளையும் கொல்லைக்கு வந்த ஓநாய்களையும் பற்றி மட்டுமே எழுதும் ஊர் இணையப் பக்கத்தில் அன்று பூனைகளுக்கு இடமில்லை. போர்ச்சுகீசிய மண்டபத்தில் சீட்டாட வந்தவர்களிடம் சொன்னார்கள். எலுமிச்சைச் சிப்பம் கட்டும் கொட்டகையில் ஸ்பானிஷில் எழுதி ஒட்டினார்கள். நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் பெண்மணி, வழி விட்ட ஒரு முயலைப் பற்றிப் புதிதாக ஒரு கதை கட்டிச் சொன்னாராம். டெல்ஃபினோ சொல்வதை நம்பினால், அன்று இரவே ஊரில் மூன்று விவாகரத்துகள் நின்றுபோயின.

ஏற்கெனவே மரியாதையுள்ள ஊர். அதன்மேல் இன்னும் மரியாதையை ஊற்றினால் என்ன ஆகும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

புதன் சாயங்காலம் ஐந்து மணி மூன்று நிமிஷம். தெற்கிலிருந்து மார்லீன் தன் சின்ன மின்சாரக் காரில் வந்து, கோட்டுக்கு ஓரடி முன்னால், புத்தகத்தில் போட்டிருப்பதுபோல் நின்றார். அவர்தான் முதலில் வந்தவர். அவர்தான் போக வேண்டும். ஆனால் கிழக்கிலிருந்து லாலோ பர்ராகான் எலுமிச்சை லாரியோடு மூச்சிரைக்க வந்து நின்றான். பாரம் ஏற்றிய லாரி ஒருமுறை நின்றால் கிளப்புவது கஷ்டம். மார்லீன் அவனுக்குக் கை காட்டினார்: போ.

லாலோ நாற்பத்தாறு வயசுக்காரன், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். ஆனால் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது மார்லீனிடம். டீச்சருக்கு முன்னால் அவன் போவதா? தொப்பியைக் கழற்றிவிட்டு அவன் கை காட்டினான்: நீங்க போங்க டீச்சர்.

அதற்குள் வடக்கிலிருந்து டெல்ஃபினோ தன் பழைய பிக்கப்பில் வந்துவிட்டார். மேற்கிலிருந்து வில்லோ வந்தாள். அறுபது வயசு, யோகா சொல்லித் தருகிறவள். வண்டியின் பின்புறம் முழுக்க உலக அமைதி கேட்டு ஒட்டிய காகிதங்கள். அவளுடைய பின்கண்ணாடியே அமைதி கேட்டு மங்கிப்போயிருந்தது. டெல்ஃபினோ அவளுக்குக் கை காட்டினார். அவள் இரண்டு கைகளையும் கூப்பி, தலை குனிந்து, மற்ற மூவரையும் வணங்கினாள். போகவில்லை.

நால்வரும் கை காட்டினார்கள். நால்வரும் காத்திருந்தார்கள். பிறகு, சரி, யாரும் போகவில்லையே என்று நால்வரும் ஒரே நேரத்தில் ஓரடி நகர்ந்தார்கள். நால்வரும் ஒரே நேரத்தில் திடுக்கிட்டு நிறுத்தினார்கள். ரப்பர்க் குழாய்க்கு அரையடி முன்னால். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து மன்னிப்புக் கேட்டுச் சிரித்தார்கள். மறுபடியும் கை காட்டினார்கள்.

பத்து நிமிஷத்தில் ஒவ்வொரு பக்கமும் பத்துப் பதினைந்து வண்டிகள் சேர்ந்துவிட்டன. வேறு நாளாக இருந்தால் யாராவது இறங்கி வந்து கேட்டிருப்பார்கள். அன்று ஒருவரும் அவசரப்படக் கூடாதே! எல்லோரும் என்ஜினை அணைத்தார்கள். கண்ணாடியை இறக்கினார்கள். வெயில் நன்றாக இருந்தது. பக்கத்து வண்டிக்காரர்களோடு பந்தாட்டத்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேச்சு ஆரம்பமானது. ஒரு அம்மாள் டிக்கியைத் திறந்து, தன் தோட்டத்துச் சுரைக்காய்போன்ற பச்சைச் சீமைக் காய்களை ஆளுக்கு நான்காக விநியோகித்தாள். அந்தக் காய் காய்க்கும் பருவத்தில் சாந்தா ருஃபினாவில் கார்க் கதவைப் பூட்டாவிட்டால் ஒன்றும் திருடு போகாது. திரும்பி வரும்போது இருக்கையில் ஒரு மூட்டைக் காய் இருக்கும். அன்று எல்லாக் கதவும் திறந்திருந்ததில் அவள் மனசு குளிர்ந்துவிட்டது.

வன்னாரிக்கு நிற்க நேரமில்லை. நாலு தெருவும் அவள் கடைக்குத்தான் நடந்து வந்தது. நடந்து. டோனட் வாங்க. டெல்ஃபினோ தன் வண்டியிலிருந்து அதைப் பார்த்துவிட்டு, தான் சொன்னதை ஒருமுறை திருத்திக்கொள்ள வேண்டியிருக்குமோ என்று கவலைப்பட்டார்.

இருபத்தைந்தாவது நிமிஷத்தில் பதினான்கு காட்டு வான்கோழிகள் ஏரிப்பக்கத்திலிருந்து வரிசையாக வந்து, நாற்சந்தியின் நட்டநடுவில் நின்று நான்கு பக்கமும் பார்த்துவிட்டு, நிதானமாகக் கடந்துபோயின. அந்த மணி நேரத்தில் விதிப்படி நடந்துகொண்டவை அவைதான். பதினான்கும் சேர்ந்து குழாய்மேல் ஏறியதைப் பெட்டி ஒரு சைக்கிள் என்று பதிந்தது என்பது டெல்ஃபினோவின் வாதம்.

முப்பதாவது நிமிஷத்தில் வந்தான் லாஸ் ஏஞ்சல்ஸ்காரன். கறுப்புக் கார். வரிசையின் கடைசியில் நின்ற மூன்றாவது நொடியில் ஹாரனை அழுத்தினான். ஊர் ஸ்தம்பித்தது. எல்லாத் தலைகளும் திரும்பின. கோபத்தோடு இல்லை, அனுதாபத்தோடு. யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நான்கு பேர் ஓடிப்போய் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். ஒருவர் தன் பாகு டோனட்டைப் பாதி பிட்டுக் கொடுத்தார். அவன் வாங்கித் தின்றான். ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் அவனும் கண்ணாடியை இறக்கிவிட்டு, முழங்கையை வெளியே நீட்டி, காய் பங்கிட்ட அம்மாளிடம் அதை எப்படிச் சமைப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

டெல்ஃபினோ மட்டும் மார்லீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் அவர் முகம் நன்றாகத் தெரிந்தது. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை, கடிகாரத்தில் பத்தும் இரண்டும் இருக்கும் இடங்களில் பிடித்து, நேராக உட்கார்ந்திருந்தார். காது சிவந்திருந்தது. முதலில் வந்தவர் முதலில் போக வேண்டும் என்று முப்பத்தொரு வருஷம் கரும்பலகையில் எழுதியவர். அதை எழுத மறந்த பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைத்தவர். கையைக் காட்டிவிட்டார். காட்டிய கையை எப்படித் திரும்ப வாங்கிக்கொள்வது? நிமிஷம் கூடக் கூட அது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. டெல்ஃபினோவுக்கு அது புரிந்தது.

கடைசியில் மார்லீன் ரிவர்ஸ் கியரைப் போட்டார். பின்னால் நகர்ந்தார். அவருக்குப் பின்னால் இருந்த பதினோரு வண்டிகளும், டீச்சர் பின்னால் வருகிறார் என்றதும், ஒரு கேள்வி கேட்காமல் வரிசையாகப் பின்னால் போயின. ஒரு ரயில் வந்த வழியே திரும்பிப் போவதுபோல் இருந்தது. பேக்கரித் தெருவில் திரும்பி அவர் மறைந்தார். ஆகவே அவர் அந்த நாற்சந்தியைத் தாண்டவே இல்லை என்பது முழு உண்மை.

அந்த நிமிஷம்தான் வன்னாரி கடையில் கடைசி டோனட்டும் தீர்ந்தது. இடுக்கியோடு தெருவுக்கு வந்தவள், போ என்று அதை லாலோ பக்கம் நீட்டினாள். டீச்சர் பார்க்கவில்லை என்று இருபுறமும் உறுதிசெய்துகொண்டு லாலோ போனான். ஊர் நகர்ந்தது.

அன்றிரவு டெல்ஃபினோவுக்கு மனசு கனத்தது. வன்னாரியின் கடையைக் காப்பாற்றப் போய் மாவட்டத்துக்கு அவரே சாட்சி தயாரித்துக் கொடுத்துவிட்டார். பெட்டி சும்மா இருக்குமா? இந்தச் சந்தியில் ஒரு வண்டி கடக்க முக்கால் மணி நேரம் ஆகிறது என்று போய்ச் சொல்லாதா? மறுநாள் காலை பெஞ்சில் உட்கார்ந்து முதல்முறையாகப் பேசாமல் காப்பி குடித்தார். வன்னாரி வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

அடுத்த வாரம்தான் திருப்பம். செவ்வாய்க் கூட்டத்துக்கான காகிதங்களை நூலக வாசலில் ஒட்டியிருந்தார்கள். டெல்ஃபினோ கண்ணாடியை மாட்டிப் படித்தார். ஐந்திலிருந்து ஆறுவரை சந்தியைத் தாண்டிய வண்டிகள் முப்பத்தெட்டு. விளக்குக்கு வேண்டியது முந்நூறு. இரண்டு முழுக் கால்மணி நேரங்களில் பூஜ்யம். நின்ற வண்டிகளைப் பெட்டி எண்ணவில்லை, தாண்டியவற்றை மட்டும்தான். கீழே பொறியாளர் ஒரு வரி எழுதியிருந்தார்: ‘நம்பத்தகுந்ததாக இல்லை. எந்திரக் கோளாறாக இருக்கலாம். ஜூலையில் மறுபடி எண்ண வேண்டும்.’

ஜூலையில் கடற்கரைக்குப் போகிற வெளியூர்க் கூட்டம் பூராவும் அந்தத் தெரு வழியாகத்தான் போகும். முந்நூறு என்ன, மூவாயிரம் தாண்டும். வன்னாரியின் பன்னிரண்டடி போனதுதான். பெட்டி கெட்டுப்போகவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நடந்தது என்று யாராவது சொல்ல வேண்டும். சொன்னால் நம்பும்படியான யாராவது.

டெல்ஃபினோ நேரே மார்லீன் வீட்டுக்குப் போனார். மார்லீன் ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீரை அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

“காகிதம் படிச்சியா?” என்றார் டெல்ஃபினோ.

“படிச்சேன். ரெண்டு எழுத்துப்பிழை.”

“பெட்டி நல்லாத்தான் இருந்துச்சுன்னு நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

“எனக்கென்ன தெரியும்? அன்னைக்கு நான் அந்த நாற்சந்தியைத் தாண்டவே இல்ல.”

டெல்ஃபினோ வேலிக் கதவைத் திறந்து உள்ளே வந்தார். “அந்தக் கதையை நான் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன் தெரியுமா?”

“ஊர்ல எத்தனை பேரோ அத்தனை பேர்கிட்ட. போனவாரம் வான்கோழி ஒன்பதா இருந்துச்சு. நேத்து பதினாலாம்.”

“கூட்டியிருப்பேன். ஆனா முதல்ல வந்தது யாருன்னு ஒருத்தர்கிட்டகூட சொல்லல, மார்லீன். ஒரு அம்மான்னுதான் சொல்றேன்.”

மார்லீன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு நிமிஷத்தில் கதவு திறந்தது. ஒரு பை நிறையப் பச்சைக் காய்களை வெளியே வைத்துவிட்டு மறுபடி சாத்திக்கொண்டது. அந்த ஊரில் அதற்கு என்ன அர்த்தம் வேண்டுமானாலும் இருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை நகரசபை மண்டபம் நிறைந்து வழிந்தது. மேயர் டுவேன் ப்ரூயிட் டயர்க் கடைக்காரர். மார்லீனிடம் வேதியியலில் இரண்டு தடவை, கார் ஓட்டுவதில் ஒரு தடவை தோற்றவர். முதல் வரிசையில் மார்லீன் வழக்கம்போல் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்ததால், மேயர் நாற்காலியில் சாய்வதற்கே பயந்தார். கடைசி வரிசையில் வன்னாரி மடிமேல் ஓர் இளஞ்சிவப்புப் பெட்டியை வைத்துக்கொண்டு, அதைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

மாவட்டப் பொறியாளர் கராபெட்டியன் இளைஞர், நல்ல மாதிரி. காகிதத்தில் இருந்ததை அப்படியே சொன்னார். முப்பத்தெட்டு வண்டி என்பது அந்தத் தெருவில் நடக்கிற காரியமில்லை, பெட்டி பழுது என்றார்.

டெல்ஃபினோ எழுந்து மேஜைக்குப் போனார். பச்சை விளக்கு எரிந்தது. சொன்னார். அன்று அவர் கூட்டவே இல்லை. வான்கோழிகளை ஒன்பதாகக் குறைத்தார். பால்பல்லை விட்டேவிட்டார். ஆனாலும் அவர் வாயைத் திறந்ததுமே மண்டபம் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. இத்தனை வருஷமாகப் பழக்கிவைத்த சிரிப்பு, உடனே எப்படி நிற்கும்? கராபெட்டியனும் சிரித்தார். பிறகு, இவர் சொல்வது உண்மைதானா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். ஐம்பது பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவர் சிரிப்பை நிறுத்தினார்.

“அப்படின்னா எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். முதல்ல வந்தவங்க முதல்ல போகணும். அதுதான் சட்டம். அன்னைக்கு முதல்ல வந்தது யாரு? ஏன் போகல? அதை யாராவது சொல்லிட்டா, பெட்டி சரியாத்தான் எண்ணுச்சுன்னு நான் எழுதிடறேன். இந்தப் பேச்சே முடிஞ்சுது. விளக்கு கிடையாது.”

லாலோ தன் தொப்பிக்குள் எதையோ தேடினான். வில்லோ கண்களை மூடி ஆழமாக மூச்சிழுத்தாள், விடவில்லை. ஐம்பது பேரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் சொல்லப்போவதில்லை. நாலு பேர் முன்னால் டீச்சரைத் தலைகுனிய வைக்கிற ஊரா அது?

விளக்கு மஞ்சளானது. டெல்ஃபினோ திரும்பி வன்னாரியைப் பார்த்தார். ஒரு பெயர். ஒரே ஒரு பெயரைச் சொன்னால் அவள் பெஞ்சு, குடை, இருபத்தாறு வருஷம், எல்லாம் பிழைத்துவிடும். வன்னாரி அவரைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள்: வேண்டாம் அண்ணே.

“யாரு வந்தாங்கன்னு... எனக்கு மறந்துபோச்சு” என்றார் டெல்ஃபினோ. வாழ்க்கையில் அவர் சொன்ன பொய்களிலேயே மிகச் சின்னது அது.

சிவப்பு எரிந்தது. அவர் போய் உட்கார்ந்தார். கராபெட்டியன் பேனாவை எடுத்து, வருத்தத்தோடுதான், ஜூலை என்று எழுதப் போனார்.

முதல் வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. மார்லீன் எழுந்து மேஜைக்கு வந்தார். மேயர் தன்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார். பச்சை விளக்கு எரிந்தது. மார்லீன் அதைக் கவனித்தார், சற்று நின்றார், பிறகு, இந்தத் தடவை யாருக்கும் கை காட்டாமல், ஆரம்பித்தார்.

“என் பேரு மார்லீன் நகாகவா. வீடு ஓக் தெருவுல. டெல்ஃபினோ மஷாடோ சொன்ன எதையும் நான் இதுவரைக்கும் நம்பினதில்ல. அந்த எலுமிச்சம்பழத்தை இப்பவும் நம்பல.”

யாரோ இருமினார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். இருமல் நின்றது.

“முதல்ல வந்தது நான்தான். லாரிக்காரனுக்கு வழி விட்டேன். அவன் போகல. விட்டதைத் திரும்பப் பிடுங்கிக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. அதனால நின்னேன். சட்டப்படி தப்பு; என் வகுப்புல இருந்திருந்தா எனக்கே மார்க் குறைச்சிருப்பேன்.” அவர் டெல்ஃபினோ இருந்த பக்கம் பேனாவை நீட்டினார். “ஆனா இவர் சொன்னதுல ஒரு பிழை இருக்கு. அதைத் திருத்தாம என்னால உக்கார முடியாது. நாப்பத்தேழு நிமிஷம் இல்ல.”

டெல்ஃபினோ தலையைத் தொங்கப் போட்டார்.

“அம்பத்திரண்டு” என்றார் மார்லீன். “நான் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்.”